அருள்தாஸின் மஞ்சள் எழுத்துகள்

வாடிக்கையாளர் ஒருவரின் கணினித் திரை உங்கள் கண்ணுக்கு அசிங்கமாகப் பட்டால், முதலில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதில் இதைத்தான் முதலில் சொல்வேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு புதன்கிழமை காலை தேவைப்பட்டது. அன்று நான் செய்த காரியத்துக்கு வேறொருவர் உயிரை விட்டிருக்கலாம். அப்படி ஆகாமல் பார்த்துக்கொண்ட மனிதரைப் பற்றித்தான் இது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கம்பெனி மேற்குத் தாம்பரத்தில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. மொத்தம் ஆறு பேர். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு ரிப்போர்ட் தயாரிக்கும் மென்பொருளை எழுதி விற்றோம். குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், கோவிலம்பாக்கம் என்று சுற்றுவட்டாரத்தில் ஏழெட்டு நிலையங்கள் எங்களிடம் வாங்கியிருந்தன. எழுதுவது முதலாளி. ஃபிளாப்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு போய் நிறுவுவதும், கோளாறு என்று போன் வந்தால் பஸ் பிடித்து ஓடுவதும் நான்.

அந்தக் காலத்தில் கணினி வாங்கியவர்கள் முதலில் செய்தது அதற்கு அலங்காரம்தான். பின்னணிப் படம், எழுத்தின் வடிவம், கட்டங்களின் நிறம் எல்லாவற்றையும் மாற்றலாம் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு மாற்றினார்கள். பல்லாவரத்தில் ஒரு நிலையத்தில் எழுத்துக்கும் வெள்ளை, பின்னணிக்கும் வெள்ளை என்று யாரோ வைத்துவிட்டு, "மேடம், பேஷன்ட் பேரெல்லாம் அழிஞ்சு போச்சு" என்று அழாத குறையாகப் போன் செய்தார்கள். இன்னொரு இடத்தில் திரையின் அளவை மாற்றப் போய் மானிட்டரே இருண்டுவிட்டது. இப்படி ஒரே மாதத்தில் ஐந்து தடவை அலைந்தபின் நான் முதலாளியிடம் சண்டை போட்டேன். "அடுத்த வெர்ஷன்ல கலர் மாத்துற பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டு போடுங்க சார். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்கட்டும். மாத்தணும்னா நான் போய் மாத்திக்கிறேன்."

அவர் போட்டுக்கொடுத்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஒரு டாக்டரம்மா நடத்திய பரிசோதனை நிலையம் எங்கள் வாடிக்கையாளர்களில் பெரியது. உள்ளே லேப் அறையில் இருப்பவர்கள் பரிசோதனை முடிந்ததும் அங்கிருந்த கணினியில் எண்களைத் தட்டிவிடுவார்கள். அவை வெளியே கவுன்ட்டரில் இருக்கும் இன்னொரு கணினிக்கு வரும். கவுன்ட்டர் கணினியில் உட்கார்ந்திருந்தவர் அருள்தாஸ். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது இருக்கும். சேலையூர் பக்கத்து ஆள். வந்த எண்களைச் சரிபார்ப்பது, இருக்க வேண்டிய அளவைத் தாண்டிய எண் ஏதாவது இருந்தால் சம்பந்தப்பட்ட டாக்டருக்கு உடனே போன் செய்வது, அதன் பிறகே ரிப்போர்ட்டை அச்சடித்துக் கொடுப்பது, இதெல்லாம் அவர் வேலை.

எங்கள் மென்பொருளில் சரியான அளவில் உள்ள எண் கரும்பச்சையிலும், அளவு தாண்டிய எண் அடர் சிவப்பிலும், சாம்பல் பின்னணியில் தெரியும். பார்க்க அடக்கமாக இருக்கும். அருள்தாஸின் திரை அப்படி இல்லை. கருநீலப் பின்னணி. அதில் வெள்ளை எழுத்து. அளவு தாண்டிய எண்கள் மட்டும் பளீரென்ற மஞ்சளில், மற்றவற்றைவிட ஒரு மடங்கு பெரிதாக. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் திருவிழாப் பந்தல் ஞாபகம்தான் வரும். "என்னங்க இது கண்றாவியா?" என்று ஒரு தடவை கேட்டேன். "எனக்குப் பழகிடுச்சு மேடம்" என்று சிரித்தார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு போய்ப் புது வெர்ஷனை நிறுவினேன். பழைய நிறங்களை அப்படியே எடுத்து வைக்கட்டுமா என்று நிறுவும்போதே திரையில் ஒரு கேள்வி வரும். வேண்டாம் என்று அழுத்தினேன். சாம்பல், பச்சை, சிவப்பு. பாஸ்வேர்டைப் போட்டுப் பூட்டினேன். திரை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு டாக்டரம்மாவே போன் செய்தார். "உங்க புது சாஃப்ட்வேர் ரொம்ப ஸ்லோவா இருக்கு. கவுன்ட்டர்ல முப்பது பேர் நிக்கிறாங்க. உடனே வாங்க."

நான் போனபோது வாசல்வரை கூட்டம். எங்கள் மென்பொருள் வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேலை மெதுவாக நடந்ததற்குக் காரணம் அருள்தாஸ். திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்து, ஒவ்வோர் எண்ணின் மீதும் விரலை வைத்து, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு ரிப்போர்ட்டில் இருபது எண்கள் இருக்கும். இருபதையும் படித்து, மனசுக்குள் ஒப்பிட்டு, அடுத்ததற்குப் போனார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன அருள்தாஸ், ஒவ்வொண்ணா படிச்சிட்டிருக்கீங்க? சிவப்பு இருக்கான்னு பாத்துட்டுப் போக வேண்டியதுதானே?"

"இல்ல மேடம். இன்னைக்கு நிதானமாப் பாத்துக்கறேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கவுன்ட்டரின் அந்தப் பக்கம் நின்றிருந்த ஒருவர் பொறுமையிழந்து, "இன்னா சார், காலைல எட்டு மணிக்கு ரத்தம் குடுத்தது. கேளம்பாக்கம் போவணும். பஸ் போயிட்டா அடுத்தது எப்போன்னே தெரியாது" என்றார். அவர் அண்ணனுக்கு ரத்தம் எடுத்த டாக்டர், அந்த ரத்தம் இருந்த சோதனைக் குழாயை அவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அண்ணன் கேளம்பாக்கத்தில் வீட்டில் படுத்திருந்தார். சிறுநீரகக் கோளாறு.

உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல்: "அருள், இன்னும் என்ன பண்றே?"

எனக்கு மானப் பிரச்சினை. மென்பொருளில் தப்பில்லை என்று அத்தனை பேர் முன்னால் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லி அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். காத்திருந்த பன்னிரண்டு ரிப்போர்ட்டுகளின் பட்டியலைத் திறந்தேன். ஒரு பார்வை பார்த்தேன். சிவப்பு எதுவும் கண்ணில் படவில்லை. மொத்தமாக அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். பிரின்ட்டர் கிறீச்சென்று ஓடத் தொடங்கியது.

அருள்தாஸ் கையை நீட்டி பிரின்ட்டரின் ஸ்விட்சை அணைத்துவிட்டார்.

அச்சாகிக்கொண்டிருந்த முதல் தாள் பாதியில் நின்றது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எனக்குக் காது சூடேறிவிட்டது.

"என்ன பண்றீங்க?"

"இத நான் இன்னும் பாக்கல மேடம்."

"நான் பாத்துட்டேனே. ஒண்ணுகூடச் சிவப்பு இல்ல."

"கீழ வரைக்கும் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. திரையில் ஒரு நேரத்தில் தெரிவது கொஞ்சம்தான். மீதியைப் பார்க்கப் பக்கத்தைக் கீழே நகர்த்த வேண்டும். நான் நகர்த்தவில்லை. அவர் என் தோளுக்கு மேலே குனிந்து, அம்புக்குறி விசையை ஒவ்வொரு வரியாக அழுத்தி, விரலால் எண்களைத் தொட்டுக்கொண்டே போனார். ஒன்பதாவது ரிப்போர்ட்டில் விரல் நின்றது.

"பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு."

அந்த எண் என் கண்ணுக்கு முன்னால் அடர் சிவப்பில் இருந்தது. கேளம்பாக்கத்து அண்ணனின் ரிப்போர்ட். அந்த எண் ஐந்துக்குச் சற்று மேலே போனாலே கவனிக்க வேண்டும். ஆறைத் தாண்டினால் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். இந்த விவரம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. அருள்தாஸுக்குத் தெரியும். அவர் அதற்குள் போனை எடுத்திருந்தார்.

கேளம்பாக்கத்து டாக்டர் கிடைத்தார். அருள்தாஸ் பெயரையும் எண்ணையும் சொன்னார், ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லி உறுதிசெய்துகொண்டார். வைத்துவிட்டுக் கவுன்ட்டரைப் பார்த்தார்.

"அண்ணே, உங்க வூட்டுப் பக்கத்துல போன் இருக்கா?"

"எதிர்ல மளிகைக் கடைல கீது சார். ஏன், இன்னா ஆச்சு?"

"நம்பர் சொல்லுங்க. உங்க அண்ணன இப்பவே ஆட்டோல ஏத்தி டாக்டர்கிட்ட கூட்டினு போகச் சொல்லணும். நீங்க போய்ச் சேர்ற வரைக்கும் வெயிட் பண்ணக்கூடாது. டாக்டர் ரெடியா இருக்காரு. பயப்படாதீங்க, நேரத்துக்குப் பாத்துட்டோம்."

மளிகைக் கடைக்காரரிடமும் அவரே பேசினார். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. ரிப்போர்ட்டைத் தனியாக அச்சடித்து, எண்ணுக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டு, தம்பியின் கையில் கொடுத்து, "நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, வூட்டுக்குப் போகாதீங்க" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா மேடம்" என்றார். மீதி மூன்றையும் விரல் வைத்துப் படித்து முடித்தார். கூட்டம் திட்டிக்கொண்டே இருந்தது. அவர் வேகத்தைக் கூட்டவில்லை.

நான் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நன்றாகத் தெரியும் கண்ணை வைத்துக்கொண்டு நான் பார்க்காததை இந்த மனிதர் எப்படிப் பிடித்தார்? அதைவிட ஒரு கேள்வி குடைந்தது. சிவப்பில் இருந்த எண்ணை ஏன் விரல் வைத்துத் தேட வேண்டும்?

ஒரு மணிக்குக் கூட்டம் குறைந்தது. "வெளிய டீ குடிக்கலாமா மேடம்?" என்று அவரே கூப்பிட்டார். ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். டீயைக் கையில் வாங்கிய பிறகுதான் சொன்னார்.

"எனக்கு உங்க சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான் மேடம். ரெண்டுமே ஒரு மாதிரி மண்ணு கலர்."

நான் என் கிளாஸைக் கடைப் பலகையில் வைத்தேன்.

"ரயில்வேல எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணிட்டேன். மெடிக்கல்ல ஒரு புக்கு காட்டுவாங்க, புள்ளி புள்ளியா இருக்கும், நடுவுல நம்பர் தெரியுதான்னு கேப்பாங்க. எனக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சுது. அனுப்பிட்டாங்க. அப்புறம் ஏர் ஃபோர்ஸுக்குப் போனேன். அங்கயும் அதே புக்கு. அப்பதான் எனக்கே புரிஞ்சுது, பொறந்ததுலேர்ந்து இப்படித்தான்னு. இந்த வேலைக்கு வரும்போது சொல்லல. சொன்னா குடுப்பாங்களா? வந்து உக்காந்த முதல் நாளே கலர் மாத்துற பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிச்சேன். ஒவ்வொரு கலரா வெச்சுப் பாத்தேன். நீலத்து மேல மஞ்சள் எனக்கு நல்லாத் தெரியும். அதையும் நம்பாம எழுத்தையும் பெருசு பண்ணேன். நாலு வருஷமா ஒண்ணு விட்டதில்ல. இன்னைக்குக் காலைல வந்து ஸ்விட்ச் போட்டேன். எல்லாம் மண்ணு. மாத்தலாம்னு பாத்தா பாஸ்வேர்டு கேக்குது."

"எனக்குப் போன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணா ஏன்னு கேப்பீங்க. என்ன சொல்றது? எல்லா டெஸ்ட்டுக்கும் அளவு மனப்பாடம். அதான், எண்ணாவே படிச்சிடலாம்னு உக்காந்துட்டேன்."

காலை எட்டு மணியிலிருந்து ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். திட்டு வாங்கிக்கொண்டு, ஒரு எண்ணையும் விடாமல். கண்ணை நம்ப முடியாத ஒருவர், கண்ணை மட்டுமே நம்பியிருந்த என்னைவிட ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்.

"இப்பவே போய் பாஸ்வேர்ட எடுத்துடறேன். உங்க பழைய கலரையே வெச்சுக் குடுக்கறேன். யாருக்கும் தெரிய வேணாம்" என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "வேணாம் மேடம். நான் டாக்டர்கிட்ட சொல்லிடறேன்" என்றார்.

"வேலைக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆகலாம். நேத்து நீங்க மாத்துனீங்க. நாளைக்கு வேற யாராவது மாத்துவாங்க. ஒரு நாள் எனக்குக் காய்ச்சலா இருக்கும், இல்ல தூக்கம் இல்லாம வந்திருப்பேன். அன்னைக்கு ஒரு எண்ணு தப்பிப் போச்சுன்னா? மறைச்சு வெச்சிருந்த வரைக்கும் அது என் பிரச்சினை. இன்னைக்கு அந்தத் தம்பி மூஞ்சியப் பாத்தப்புறம் அப்படி நினைக்க முடியல."

அவர் சொன்னபடியே செய்தார். நான் கூடப் போனேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். கோபம் வந்தது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"முதல்லயே சொல்லியிருந்தா இந்த வேலைய உனக்குக் குடுத்திருக்க மாட்டேன் அருள்."

"தெரியும் டாக்டர். அதனாலதான் சொல்லல."

நான் நடுவில் புகுந்தேன். "டாக்டர், இன்னைக்குத் தப்பு பண்ணது நான். கேக்காம கலர மாத்தினேன், பூட்டினேன். அந்த ரிப்போர்ட்ட அச்சுக்குக் குடுத்ததும் நான்தான். சிவப்பு தெரியற நான் விட்டுட்டேன். அவர்தான் பிரின்ட்டர நிறுத்தினார்."

டாக்டர்களுக்குப் போன் செய்த விவரங்களை எழுதி வைக்கும் நோட்டை டாக்டரம்மா கேட்டார். நான்கு நோட்டுகள் வந்தன. எல்லாம் அருள்தாஸின் கையெழுத்து. நோயாளியின் பெயர், எண், போன் செய்த நேரம், எடுத்தவர் யார், என்ன சொன்னார். வெகுநேரம் புரட்டினார். நோட்டை மூடிவிட்டு, "போய் மத்தியான ரிப்போர்ட்ட முடி" என்றார். அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க. ஒரு உயிர் போற விஷயத்த வெறும் கலர்ல மட்டும் காட்டுற சாஃப்ட்வேர் எனக்கு வேணாம்."

முதலாளியிடம் சொன்னபோது, "ஒருத்தருக்காகவா எல்லாத்தையும் மாத்துறது?" என்று கேட்டார். "ரெண்டு பேருக்காக சார். இன்னொருத்தி நான்" என்றேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர், "அந்த ஆள வரச் சொல்லு. அவர் சொல்றபடி பண்ணுவோம்" என்றார்.

அருள்தாஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிக்கு வந்தார். ஒரு பேப்பரில் எழுதியே கொண்டுவந்திருந்தார். அளவு தாண்டிய எண்ணுக்குப் பக்கத்தில் 'அதிகம்' அல்லது 'குறைவு' என்று எழுத்தில் வர வேண்டும். ஆபத்தான எண்ணைச் சுற்றிக் கட்டம் வர வேண்டும். பட்டியலில் அது எவ்வளவு கீழே இருந்தாலும், இத்தனை எண்கள் பார்க்கப்பட வேண்டும் என்று திரையின் உச்சியில் தெரிய வேண்டும். அவற்றைப் பார்த்துவிட்டதாக ஒருவர் ஒப்புக்கொள்ளாதவரை பிரின்ட்டர் ஓடக் கூடாது. நிறம் அவரவர் விருப்பம், பூட்டு வேண்டாம், தவறாக மாற்றிவிட்டால் திரும்பி வர ஒரு விசை போதும். வெள்ளையில் வெள்ளை வைத்துத் தவித்த பல்லாவரத்துக்காரர்களுக்கும் அந்த ஒரு விசை போதுமானதாக இருந்திருக்கும். எனக்குத் தோன்றியது பூட்டு மட்டும்தான்.

மூன்று வாரத்தில் முதலாளி அதை எழுதி முடித்தார். அதற்குள் கேளம்பாக்கத்துத் தம்பி ஒரு நாள் பரிசோதனை நிலையத்துக்கு வந்து, அண்ணன் டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அருள்தாஸ் வேலையும் போகவில்லை. டாக்டரம்மா அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லையாம். நோட்டை மட்டும் வாரம் ஒரு தடவை வாங்கிப் பார்த்தாராம். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அருள்தாஸ் எங்களுக்குத் திரைகளைப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். முதலாளி ஆசையாகச் செய்த எத்தனையோ நிறங்களை "இது எனக்குத் தெரியல சார்" என்ற ஒரே வரியில் தூக்கிப்போட வைத்திருக்கிறார். அவர் பார்த்துச் சரி என்று சொன்ன திரையைப் பற்றி எந்த இடத்திலிருந்தும் எனக்குக் குறை வந்ததில்லை.

புது வெர்ஷனை எல்லா இடங்களிலும் நிறுவி முடித்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலம்பாக்கத்து நிலையத்திலிருந்து போன் வந்தது. அங்கே கவுன்ட்டரில் இருந்தவர். இரண்டு வருஷமாகத் தெரிந்தவர்தான். பேச்சு அதிகம் கிடையாது. ரிப்போர்ட்டில் ஏதோ சந்தேகம் கேட்டார், சொன்னேன். வைக்காமல் தயங்கினார்.

"மேடம், இந்த 'அதிகம்', 'குறைவு'ன்னு எழுத்துல போட்டிருக்கீங்களே... யார் சொல்லிப் போட்டீங்க?"

"ஏன், பிடிக்கலையா?"

"இல்ல மேடம். ரொம்ப உதவியா இருக்கு." மறுபடியும் தயக்கம். "இது யாருக்கு வேணும்னு தெரிஞ்ச ஆள்தான் சொல்லியிருக்கணும். அதான் கேட்டேன்."

அருள்தாஸ் எதிர் மேஜையில் உட்கார்ந்து ஒரு திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார். ரிசீவரின் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொல்லி, "உங்களப் பத்திச் சொல்லலாமா?" என்று கேட்டேன். அவர் எழுந்து வந்து ரிசீவரை வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் பேசியதை வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஆமாங்க" என்றார். "எனக்கும் அப்படித்தான்."